சிவப்பு லைட் எரிஞ்சா லேட்! பழைய அம்பாசிடர், பத்மினிக்கு எக்ஸ்ட்ரா மீட்டர் ஏன் தேவை? பொருத்துவது எப்படி?

தாத்தா ஓட்டிய அம்பாசிடர், அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி, ஷெட்டில் தூங்கிக் கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு... பழைய கார்களைத் தூசி தட்டி மறுபடியும் ரோட்டில் இறக்கும் ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. பெயின்ட், சீட், டயர் என்று செலவு செய்பவர்கள் பலரும் ஒரு விஷயத்தை மட்டும் கடைசியில் வைத்துவிடுகிறார்கள். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதை டிரைவருக்குச் சொல்லும் மீட்டர்கள்தான் அவை.

அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-ல். பத்மினி, ஹெரால்டு எல்லாம் அதற்கும் முன்பே நின்றுவிட்டன. ஒருமுறை இன்ஜின் சீஸ் ஆனால் கிராங்க் கிரைண்டிங், போர் வேலை, பேரிங் என்று செலவு எங்கேயோ போய்விடும். பாகம் தேடி அலைவது தனிக் கதை. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியக்கூடிய இரண்டு மூன்று மீட்டர்கள் இந்த நஷ்டத்தைத் தடுக்க முடியுமா? முடியும். ஆனால் தப்பாகப் பொருத்தினால் அந்த மீட்டரே இன்ஜினைக் காலி செய்யவும் முடியும். இரண்டையும் விளக்கமாகப் பார்க்கலாம்.

அதான் லைட் இருக்கே... மீட்டர் எதுக்கு?

பல பழைய கார்களின் டேஷ்போர்டில் ஆயிலுக்கென்று இருப்பது ஒரு சின்ன சிவப்பு லைட் மட்டும்தான். சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையும். இந்த லைட்டை இயக்கும் சுவிட்ச் பொதுவாக 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவுக்கு ஆயில் பிரஷர் விழுந்த பிறகுதான் வேலை செய்யும்.

இதில்தான் சிக்கல். அம்பாசிடரில் இருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வகை இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால், சூடான பிறகு ரோட்டில் ஓடும்போது 50 பிஎஸ்ஐ அளவில் பிரஷர் காட்டும். அது 50-லிருந்து 40, 30, 20 என்று மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தாலும் லைட் வாயே திறக்காது. ஐம்பதும் எட்டும் லைட்டுக்கு ஒன்றுதான். கடைசியில் அது எரியும்போது பேரிங்குகள் ஆயில் இல்லாமல் உரசத் தொடங்கியிருக்கும்.

லைட் சொல்வது 'நடந்து முடிந்த' செய்தி. மீட்டர் சொல்வது 'நடக்கப்போகும்' செய்தி. மொத்த வித்தியாசமும் இவ்வளவுதான்.

எந்த மீட்டரை முதலில் வாங்கணும்?

கடையில் பார்த்தால் பத்து வகை மீட்டர் இருக்கும். பழைய காருக்கு அவசியம் மூன்று.

1. ஆயில் பிரஷர் மீட்டர்: இதுதான் முதல் இடம். பம்ப் தள்ளும் ஆயில், பேரிங்குகளின் குறுகிய இடைவெளியில் நுழையத் திணறுவதால் உருவாவதுதான் பிரஷர். பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானால் ஆயில் சுலபமாக வழிந்துவிடும், பிரஷர் விழும். அதனால் இந்த ஊசி ஆயில் பம்பின் நிலையோடு பேரிங்கின் வயதையும் சேர்த்துச் சொல்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் 15 பிஎஸ்ஐ-க்கு மேல், ஓடும்போது ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்-க்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பொதுவான கணக்கு. சில மீட்டர்களில் கிலோ அளவு இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது சுமார் 14 பிஎஸ்ஐ.

2. டெம்பரேச்சர் மீட்டர்: 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில் ஊசி 80 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் நல்லது. 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் தெர்மோஸ்டாட்' என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அப்படிச் செய்த காரில் மீட்டர் மாட்டிப் பார்த்தால், காலை நேரத்தில் ஊசி 60-ஐத் தாண்டவே திணறும். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

3. வோல்ட் மீட்டர்: பேட்டரி, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ஃபேன் பெல்ட் மூன்றையும் ஒரே ஊசி கண்காணிக்கும். இன்ஜின் ஆஃப் நிலையில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் உள்ள கார் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதிக்கும். பழைய டைனமோ உள்ள கார் ஐட்லிங்கில் சார்ஜ் ஏற்றாது. அதனால் சிக்னலில் நிற்கும்போது 12 வோல்ட் பக்கம் ஊசி இறங்கினால் பதற வேண்டாம்.

ஆம்பியர் மீட்டர் போடலாமா?

பழைய கார் என்றால் ஆம்பியர் மீட்டர்தான் அழகு என்று சிலர் கேட்டு வாங்குவார்கள். இங்கே உஷார். வோல்ட் மீட்டர் சர்க்யூட்டுக்கு வெளியே நின்று எட்டிப்பார்க்கும். ஆம்பியர் மீட்டர் அப்படியில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவது தவிர, காரின் ஏறக்குறைய மொத்த கரன்ட்டும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தக் காலத்து டைனமோ கொடுத்தது 20 ஆம்பியர் அளவுதான். இப்போது பலரும் டைனமோவைக் கழற்றிவிட்டு 35, 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரன்ட் 30 ஆம்பியர் மீட்டருக்குள், மெல்லிய வயர் வழியாக, டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிறது. ஒரு நட் லூஸ் ஆனால் போதும், சூடேறித் தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டர் மாற்றிய காருக்கு வோல்ட் மீட்டரே பாதுகாப்பு.

மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கா?

மெக்கானிக்கல் ஆயில் மீட்டரில் இன்ஜினின் சூடான ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வரும். கரன்ட் வேண்டாம், ஊசி உடனுக்குடன் அசையும், அளவும் துல்லியம். குறை என்ன? குழாய் விரிசல் விட்டால் கொதிக்கும் ஆயில் டிரைவர் காலில் ஊற்றும். கவனிக்காமல் ஓட்டினால் சம்ப்பில் இருக்கும் ஆயில் மொத்தமும் வெளியேறிவிடும். இன்ஜினைக் காப்பாற்ற வாங்கிய மீட்டரே இன்ஜினைக் கொல்வது இப்படித்தான்.

எலெக்ட்ரிக் மீட்டரில் ஆயில் இன்ஜினோடு நின்றுவிடும். உள்ளே வருவது ஒரு வயர் மட்டும்தான். பிளாக்கில் இருக்கும் சென்சாரின் மின்தடை மாற மாற ஊசி நகரும். குடும்பத்தோடு நீண்ட தூரம் போகும் காருக்கு இதுவே நிம்மதி.

மெக்கானிக்கல் டெம்பரேச்சர் மீட்டரில் சென்சாரும் மீட்டரும் மெல்லிய செம்புக் குழாயால் நிரந்தரமாக இணைந்திருக்கும். குழாய் நீளமாக இருக்கிறதே என்று வெட்டினாலோ, மடித்து ஒடித்தாலோ மீட்டர் அவ்வளவுதான். மிச்சத்தை வளையமாகச் சுற்றிக் கட்டிவைக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெட்ரோல் பிரஷர் மீட்டரை மட்டும் மெக்கானிக்கலாக, குழாய் போட்டு காருக்குள் கொண்டுவரவே கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

மரை அளவு: பிரிட்டிஷ் வழி வந்த அம்பாசிடர், ஹெரால்டு இன்ஜின்களுக்கும், இத்தாலியின் ஃபியட் வழி வந்த பத்மினிக்கும் மரை ஒன்றல்ல. கடையில் கிடைக்கும் சென்சார்கள் பலவும் அமெரிக்க என்.பி.டி. மரையில் இருக்கும். 1/8 அங்குல பி.எஸ்.பி. மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, 1/8 என்.பி.டி.யில் 27 சுற்று. முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், பிறகு இறுகும். 'டைட்டா இருக்கு, நல்லதுதான்' என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். பழைய சுவிட்சைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், சரியான பித்தளை அடாப்டர் வாங்குவதுதான் வழி.

மீட்டரும் சென்சாரும் ஜோடி: ஐரோப்பிய முறை ஆயில் சென்சார்கள் பலவும் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு பிரஷரில் சுமார் 180 ஓம் காட்டும். அமெரிக்க முறையில் நேர்மாறு. 240 ஓமில் தொடங்கி 33 ஓமுக்கு இறங்கும். ஒன்றின் மீட்டரை மற்றொன்றின் சென்சாரோடு மாட்டினால் ஊசி பொய் சொல்லும். பொய் சொல்லும் மீட்டரைவிட மீட்டர் இல்லாமல் இருப்பதே மேல். இரண்டையும் ஒரே செட்டாக வாங்குங்கள்.

எர்த் எந்தப் பக்கம்: 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் டிசைன் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய எலெக்ட்ரிக் மீட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு. வண்டி ரொம்பப் பழசு என்றால், பாடிக்குப் போகும் கேபிள் பேட்டரியின் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே டெஸ்ட்: டெம்பரேச்சர் மீட்டரைக் காரில் மாட்டும் முன் சென்சார் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். சென்னையில் 100 டிகிரி காட்ட வேண்டும். ஊட்டியில் செய்தால் 92, 93-தான் காட்டும். அது மீட்டரின் தவறல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும்.

பொருத்தும்போது எங்கே தப்பு நடக்கும்?

ஆயில் மீட்டர் சென்சாரைப் போடப் பழைய லைட் சுவிட்சைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள். 'டி' வடிவ இணைப்பு போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டைப் பார்த்து ஓட்டும் கண், ஊசி விழுவதை உடனே கவனிக்காது. திடீரென எரியும் சிவப்பு லைட்டைக் கவனித்துவிடும். மீட்டருக்கும் லைட்டுக்கும் தனித்தனி முனை உள்ள சென்சார்களும் கிடைக்கின்றன.

எலெக்ட்ரிக் சென்சார் கொஞ்சம் கனமானது. அதை நீளமான பித்தளை 'டி'-யின் நுனியில் தொங்கவிட்டால் இன்ஜின் அதிர்வில் ஒருநாள் ஒடிந்துவிடும். பிளாக்கிலிருந்து குட்டியான ஆயில் ஹோஸ் எடுத்து, சென்சாரை இன்ஜின் அறைச் சுவரில் கிளாம்ப் போட்டுப் பொருத்துவது பாதுகாப்பு. அப்போது சென்சாருக்குத் தனி எர்த் வயர் தேவை.

எர்த் விஷயம் ரொம்ப முக்கியம். ஒற்றை வயர் சென்சார், தன் மரை வழியாக இன்ஜின் உலோகத்தைத் தொட்டுத்தான் சர்க்யூட்டை முடிக்கிறது. மரையில் டெஃப்ளான் டேப்பைக் கட்டுக்கட்டாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெடும். டேப் துண்டு பிய்ந்து ஆயில் வழிக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

டெம்பரேச்சர் சென்சார் இருக்க வேண்டிய இடம், சிலிண்டர் ஹெட்டில் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கம். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் போட்டால் ஏற்கெனவே ஆறிய தண்ணீரைத்தான் அளக்கும்.

வயரிங்கில் மூன்று விதி. சாவி ஆன் செய்தால் மட்டும் கரன்ட் வரும் இடத்திலிருந்து சப்ளை எடுங்கள். எடுக்கும் இடத்திலேயே 3 முதல் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். இரும்புச் சுவரில் ஓட்டை வழியாகப் போகும் எந்த வயருக்கும், குழாய்க்கும் ரப்பர் கிராமெட் போடுங்கள். இன்னொன்று, ஸ்மித்ஸ் வகை பழைய பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்கள் சிலவற்றுக்குப் பின்னால் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் இருக்கும். புது 12 வோல்ட் மீட்டருக்கு அங்கிருந்து சப்ளை எடுத்தால் அளவு தப்பும்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

டேஷ்போர்டில் ஓட்டை போடலாமா?

வேண்டாம். இந்த மீட்டர்கள் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும்படி ரெடிமேட் பிராக்கெட் கிடைக்கிறது. பழைய திருகு ஓட்டைகளையே பயன்படுத்திப் பொருத்தலாம். நாளைக்கே கழற்றினாலும் தடயம் இருக்காது.

சட்டப்படி பிரச்னை வருமா என்றால், மீட்டர் சேர்ப்பதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் எதுவும் மாறாது. ஆனால் 50 வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினலாகப் பராமரிக்கப்படும் வாகனங்களை 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட நம்பரோடு விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அந்த எண்ணம் இருந்தால் வெட்டாமல், துளைக்காமல் பொருத்துவதே புத்திசாலித்தனம்.

மாட்டியாச்சு... எப்படிப் படிக்கிறது?

மீட்டரில் எண்ணைவிட மாற்றம்தான் செய்தி. முதல் ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர், சூடான பிறகு ஐட்லிங்கில் பிரஷர், 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரஷர், அப்போதைய டெம்பரேச்சர். இதுதான் உங்கள் காரின் நார்மல். பக்கத்து வீட்டு அம்பாசிடரில் 55 காட்டுகிறது, நம்முடையதில் 45-தானா என்ற கவலை வேண்டாம். உங்கள் 45, ஆறு மாதத்தில் 35 ஆனால்தான் கவலை.

அப்போது 'கெட்டியான ஆயில் ஊத்திட்டா சரியாயிடும்' என்ற யோசனை வரும். ஊசி ஏறும், உண்மைதான். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் தெர்மாமீட்டரைக் குலுக்குவது மாதிரி அது.

மூன்று ஊசிகளையும் சேர்த்துப் படிக்கப் பழகினால் இன்னும் பலன். இந்தக் கார்களில் ஃபேன் பெல்ட் ஒன்றேதான் வாட்டர் பம்பையும் டைனமோவையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் விழுவது வோல்ட் மீட்டர். டெம்பரேச்சர் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களில் வண்டியை ஓரம்கட்டினால் ஹெட் கேஸ்கட் தப்பிக்கும்.

இன்னொரு ஆபத்தான நேரம், சூடு ஏறிக்கொண்டே போன ஊசி திடீரெனக் கீழே இறங்குவது. 'அப்பாடா, ஆறிடுச்சு' என்று நினைத்தால் இன்ஜின் காலி. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால், சென்சாரைத் தொட்டுக்கொண்டிருப்பது வெறும் காற்று. அதனால்தான் அளவு இறங்குகிறது.

மலை ஏறுபவர்களுக்கு ஒரு தகவல். 7 பிஎஸ்ஐ ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால், சமவெளியில் வெறும் தண்ணீர்கூட சுமார் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ரோட்டில் ஏற ஏற, கொதிநிலை நூறுக்கும் கீழே இறங்கிக்கொண்டே போகும். சென்னையில் சாதாரணமான 95 டிகிரி, குன்னூரைத் தாண்டியதும் கொதிப்பாக மாறலாம். மூடியை மாற்றிவிட்டு மலை ஏறுங்கள்.

ஊசி ஆபத்தைக் காட்டினால் என்ன செய்யணும்?

ஆயில் பிரஷர் சரிந்தால் 'அடுத்த ஊர் போய் பார்த்துக்கலாம்' என்பதே கிடையாது. கிளட்சை மிதித்து, பாதுகாப்பாக ஓரம்கட்டி, உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். பிறகு டிப் ஸ்டிக் எடுத்து ஆயில் அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்து, லைட்டும் எரியவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ வயரிலோ இருக்கலாம். லைட்டும் எரிகிறது என்றால் டோ வண்டிதான்.

டெம்பரேச்சர் ஏறினால் முதலில் ஹெட்லைட் போன்ற தேவையில்லாத சுமையைக் குறைப்பதைவிட, வேகத்தைக் குறைத்து நிழலான இடத்தில் நிறுத்துவதுதான் முக்கியம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். காலியான சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

புது கார்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சூடு ஏறினால் பவரைக் குறைக்கும், எச்சரிக்கும், சில கார்களில் தானாகவே இன்ஜினைக் காக்கும். அம்பாசிடரிலும் பத்மினியிலும் அந்தக் கம்ப்யூட்டர் டிரைவர்தான். அவருக்குத் தகவல் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று மீட்டர்களும் ஒரு நோட்டும் செய்வது அந்த வேலையைத்தான்.